பலகையில் நான்காவது விதி

வேக்ஃபீல்டில் ஏப்ரல் என்றால் ரூபார்ப்.
சிவந்த தண்டு பாத்திரத்துக்கு,
யானைக்காது இலை குப்பைக்கு.
எந்தக் குப்பைக்கு என்பதில்தான் வந்தது வினை.

பொதுத் தோட்டத்தின் செயலாளர் நான்.
பதினேழு பாத்திகள், ஒரு தண்ணீர்க் குழாய்,
ஒரு பூட்டு, அதற்கு இருபத்துமூன்று சாவிகள்.
பலகையில் நான்காவது விதியை எழுதியவர்
கிளிஃபோர்டு லம்:
"ரூபார்ப் இலை உரக்குழியில் கூடாது."
'கூடாது' மட்டும் சிவப்பில்.

பொஜெனா ஒரு தள்ளுவண்டி இலையைக் கொண்டுவந்து
குழியில் கவிழ்த்தாள்.
மறுநாள் காலை பார்த்தால்
முள்கரண்டியால் ஒவ்வொன்றாய் வெளியே எடுத்து
வேலியோரம் அடுக்கியிருந்தார்
நனைந்த செய்தித்தாள்கள் போல.
அவள் திரும்பப் போட்டாள்.
அவர் திரும்ப எடுத்தார்.
மே மாதம் இப்படியே போயிற்று.
'விவாதம் தொடர்கிறது' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஜூன் கூட்டத்தில் பொஜெனா எழுந்தாள்.
மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை; அளந்துதான் பேசுவாள்.
இலையில் அமிலம் இருக்கிறது, உண்மை.
தின்றால் சிறுநீரகத்தைப் பிடிக்கும், அதுவும் உண்மை.
ஆனால் குழிக்குள் குடியிருப்பவர்களுக்கு அது சாப்பாடு.
பூஞ்சை பெயர் கேட்டுவிட்டுச் சாப்பிடுவதில்லை.
மிச்சம் மீதி இருந்தாலும்
கேரட் அதை உறிஞ்சி உங்கள் தட்டுக்கு அனுப்பாது.
அரளியும் ஃபாக்ஸ்குளோவும்கூட
காலம் கொடுத்தால் மண்தான்.
யூ மரத் தழையை மட்டும் பார்த்துப் போடுங்கள்:
குழிக்காக இல்லை,
வேலிக்கு மேல் கழுத்தை நீட்டும் குதிரைக்காக.

கிளிஃபோர்டு எழுந்தார். தொப்பியைக் கழற்றினார்.
"ஹெட்டி" என்றார்.
யாருக்கும் விளங்கவில்லை.
அப்பாவின் தங்கை. நான்கு வயது.
முதல் போர்; காய்கறிக்குப் பஞ்சம்.
இலையையும் கீரைபோல வேகவைக்கலாம் என்று
படித்தவர்கள் யாரோ சொல்லியிருந்தார்கள்.
உப்புப் போட்டு, வெண்ணெய் இல்லாமல்.
"அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, தட்டைத் தள்ளிவிட்டார்.
அவர் பங்கையும் அவளே தின்றாள்."
கொஞ்சம் நின்றார்.
"அதனால்தான் நான் இருக்கிறேன்."
உட்கார்ந்தார்.

பொஜெனா பதில் சொல்லவில்லை.
அடுத்த நாள் நீளமான வெப்பமானி ஒன்றைக்
குழியின் நடுவில் செருகினாள்.
அறுபத்திரண்டு.
அவரைக் கூப்பிடாமல் அப்படியே விட்டுப் போனாள்.
அவர் தினமும் வந்தார்,
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து
எண்ணைப் படித்தார்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பவர் மாதிரி.
முள்கரண்டி கொட்டகையிலேயே கிடந்தது.

மார்ச்சில் குழியைப் பிரித்தோம்.
சல்லடையை அவரே பிடித்தார்.
மழை பெய்த காட்டின் வாசனையோடு
கறுப்பாய் உதிர்ந்து விழுந்தது.
ஒரு காம்பு இல்லை. ஒரு நரம்பு இல்லை.
சல்லடையில் தங்கியவை:
யாருடையதோ தேக்கரண்டி,
பிளம் கொட்டைகள், முட்டை ஓடு,
'விக்டோரியா ரூபார்ப்' என்று அச்சடித்த
பிளாஸ்டிக் சீட்டு,
ஓர் எழுத்தும் அழியாமல்.
அதைச் சட்டையில் துடைத்து
நெடுநேரம் படித்தார். இரண்டே வார்த்தைகள்.

என் முள்ளங்கிப் பாத்திக்கு இரண்டு கூடை அள்ளினேன்.
மே மாதம், முதல் முள்ளங்கியை
வாயருகே கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்தினேன்,
ஒப்புக்கொள்கிறேன்.
பிறகு கடித்தேன். காரமாக இருந்தது. முள்ளங்கி அப்படித்தான் இருக்கும்.

பலகையில் இப்போது நான்காவது விதி:
"ரூபார்ப் இலை போடலாம்.
பிளாஸ்டிக் சீட்டு கூடாது."
சிவப்பு வண்ணம் டப்பாவில் மிச்சமிருந்திருக்கிறது.

ஒருமனதாக ஏற்கப்பட்டது என்று எழுதினேன்.
கிளிஃபோர்டு கை தூக்கவில்லை என்பதை எழுதவில்லை.
தன் பாத்தி இலைகளை மட்டும் அவர் இன்றைக்கும்
சாக்கில் கட்டிப் பேருந்தில் கொண்டுபோகிறார்,
ஊருக்கு அந்தப்பக்கம், நகராட்சித் தொட்டிக்கு.
சாக்கின் மறுமுனையை
பொஜெனா பிடித்துக்கொள்கிறாள்,
நிறுத்தம் வரைக்கும்.