பத்தே கால் மணிப் பழுது

ஆகஸ்ட் பாதியில் மதேராவில்
இரண்டு வேலை ஒன்றாய்த் தொடங்கும்:
பள்ளிக்கூடம், பாதாம் அறுவடை.

இரும்புக் கை ஒன்று மரத்தின் இடுப்பைப் பற்றி உலுக்கும்.
மூன்று விநாடி.
உதிர்ந்து காய்ந்ததைக் கூட்டித் தள்ளும் வண்டி
என்னுடையது;
முதலாளியுடையது என்று சொல்ல வேண்டும்,
இருக்கை மட்டும் என் உடம்புக்குக் குழிந்தது.
போகிற வழியெல்லாம் மண் எழும்பி நிற்கும்
ஆள் உயரம், பிறகு மர உயரம்.
அதற்குமேல் எங்கே போகிறதென்று
ஒன்பது வருஷம் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

போன செப்டம்பர்
யாத்சீரி மூன்று இரவு ஆஸ்பத்திரியில்.
விலா எலும்புகள் உள்வாங்கி உள்வாங்கி வெளியே வந்தன.

இந்த முறை ஒப்துலியா ஜூலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.
டாக்டர் கையெழுத்து ஒரு தாளில்,
எங்கள் கையெழுத்து மூன்றில்.
வீட்டுக்கொன்று பள்ளிக்கொன்று நீல இன்ஹேலர் கேட்டால்
ஒன்றுதான் தருவோம் என்றார்கள் காப்பீட்டில்.
ஐந்தாவது போனில் இரண்டு வந்தது.

நர்ஸ் மாய் வாங் செவ்வாயும் வியாழனும்தான் வருவார்.
"மற்ற நாள் மூச்சு விடக்கூடாதா?" என்றாள் ஒப்துலியா.
நர்ஸ் சிரிக்கவில்லை.
ஆபீஸ் குமாஸ்தா, வகுப்பு டீச்சர், பஸ் ஓட்டுகிறவர்
மூவரையும் நிறுத்தி
குழலைப் பொருத்துவது எப்படி, எத்தனை எண்ணுவது என்று
ஒரு துணி ஆமைக்குச் செய்து காட்டினார்.
யாத்சீரி குறுக்கிட்டாள்:
"ஆமை முதல்ல மூச்சை வெளிய விடணும்."

பள்ளி வாசலில் காற்றுக்கு ஒரு கொடி உண்டு.
பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.
இந்த வாரம் ஏற்றுவது இரண்டாம் வகுப்பு, என் மகள்.
வேலிக்கு இந்தப் பக்கம், பதினாலாம் வரிசையிலிருந்து பார்த்தேன்.
சின்னக் கை கயிற்றை இழுத்தது.
ஆரஞ்சு.
அவளே ஏற்றிய கொடி
அவளை இடைவேளையில் உள்ளே உட்கார வைத்தது.
கொடி என் பக்கமிருந்துதான் அசைந்தது.

மஞ்சள் நாளில் அவளையும் விளையாட விடுவார்கள்.
மஞ்சள் நாளில், பத்தே கால் மணிக்கு,
என் வண்டி பழுதாகிவிடும்.
பத்து முப்பத்தைந்துக்குத் தானே சரியாகும்.

நாலாவது பழுதன்று
மேஸ்திரி ருதிலியோ பிக்கப்பை நிறுத்தி இறங்கினார்.
"என்னய்யா வந்தது இதுக்கு?"
"வடிகட்டி அடைச்சிருக்கு. மூச்சு இழுக்குது."
மூடியைத் திறந்தார்.
விடியலில் நான் தட்டிப் போட்ட வடிகட்டி
வெள்ளை வெளேரென்று இருந்தது.
வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ துரத்தும் கூச்சல்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூடியைச் சாத்தினார்.
"இருபது நிமிஷம் தாண்டக்கூடாது.
கூலியில பிடிப்பேன்."

பிடித்தார்.
சம்பளத்தாளில் ஒரு மணி இருபது நிமிஷம் இல்லை.
எங்கே என்றாள் ஒப்துலியா. சொன்னேன்.
அவள் ஒன்றும் பேசாமல்
வீட்டு இன்ஹேலரைத் திருப்பி
முதுகிலிருந்த எண்ணைப் படித்தாள்:
நூற்றுத் தொண்ணூற்றாறு.
போன சனிக்கிழமையும் அதுதான்.