ரீல் எண் மூன்று, பின்பக்கம்

முதலில் நாற்காலி இழுபடும் ஓசை.
பிறகு கனத்த குரலில் யாரோ,
"ஏல, அந்த ஃபேன நிப்பாட்டு."
ஃபேன் ஓய்வதற்கு எடுத்துக்கொண்ட பதினொரு நொடியும்
நாடாவில் அப்படியே இருக்கிறது.
அதற்கப்புறம்தான் பாட்டு.

கொக்கிரகுளம், சைக்கிள் கடை மாடி,
எழுபத்தாறு ஆனி என்று
அட்டையில் ஊதா மை.
எபநேசர், சாமிதாஸ், பீர்முகமது.
குழுவுக்குப் பெயர் ஆற்றுப்பாலம்.
நானூறு தட்டு அடித்தார்கள், விற்றது முப்பத்தெட்டு.
மிச்சமெல்லாம் எபநேசரின் கட்டிலடியில் கிடந்து
தொண்ணூற்றிரண்டில் ஆறு வீட்டுக்குள் வந்தபோது
கட்டிலோடு போயின.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் சமையல்காரன்
சாராயக் கடனுக்கு விட்டுப்போன
ஏழு சோல் தட்டுகள்தான் இவர்களுக்குப் பள்ளிக்கூடம்.
ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.
ஒருவன் கேட்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வது மட்டும் விளங்கியது;
மேலப்பாளையத்துக் குழாயடியிலும் அப்படித்தானே.
விரலைச் சொடுக்கினார்கள்.
தொடையில் தட்டினார்கள்.
மில் சங்கு, கடைசி பஸ், அடகுக்கடை
எல்லாவற்றுக்கும் மூன்று கட்டைக் குரல்களில்
தேன் தடவினார்கள்.

நான் பாளையங்கோட்டையில் பழைய நாடாக்களைக்
கணினியில் ஏற்றிக் கொடுப்பவன்.
பெரும்பாலும் கல்யாணம், காதுகுத்து,
எப்போதாவது ஒரு பிரசங்கம்.
காதில் மாட்டிக்கொண்டால் சாப்பாடு மறந்துபோகும் என்று
இந்த ஒரு ரீலைத்தான் சொல்வேன்.

எபநேசர் கேட்கிறார்: எப்ப வருவ?
மற்ற இருவரும்: வாரேன், வாரேன்.
எப்ப வருவ?
வாரேன், வாரேன்.
ஐந்தாவது முறை, அவர்கள் மூச்செடுக்கும் சந்தில்,
எல்லாக் குரல்களுக்கும் அடியில்,
தரையிலிருந்து வருவதுபோல் ஒன்று:
வரமாட்டான்.

ஒரே ஒரு முறை.
சுருதி பிசகாமல்.

பீர்முகமது காது கேட்காத பக்கமாகத் திரும்பி
"மூணு பேருதான்" என்றார்.
சாமிதாஸ் நாகர்கோவிலிலிருந்து போனில்,
"அது மெசின்ல ஏதாவது எரைச்சலா இருக்கும் தம்பி."
இரைச்சலுக்கு இப்படி வலிக்கத் தெரியுமா
என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பிறகு அட்டையின் மடிப்பில் ஒரு துண்டுச்சீட்டு.
டேப் ரிக்கார்டர் வாடகை, ஓர் இரவு, முப்பது ரூபாய்.
வரவு இருபது. பாக்கி பத்து.
கையெழுத்து: சுந்தராச்சி, பேட்டை.

மூன்று தெரு தப்பி, நான்காவதில் வீடு.
பச்சைக் கம்பிக்கதவு,
உள்ளே தையல் மெஷின்மேல் மாத்திரை டப்பாக்கள்.
மெல்லிய உடம்பு. என்னைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி.
அவர் பேரன் வயதில் ஒரு பையன்
கேரம்போர்டுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தான்.

சீட்டைக் கொடுத்தேன்.
கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.
உள்ளங்கையை நீட்டினார்.
ஒன்றும் பேசாமல் பத்து ரூபாய்த் தாளை வைத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஒரு பாட்டு இருக்கு, கேக்கியளா?" என்றேன்.
ஸ்பீக்கரை மாத்திரைகளுக்கு நடுவில் வைத்தேன்.
நான் பொத்தானை அமுக்குவதற்கு முன்
அவர் திரும்பி, பையனைப் பார்த்து,
அந்த உடம்புக்குள் எங்கே இருந்ததென்று தெரியாத
கனத்த குரலில் சொன்னார்:

"ஏல, அந்த ஃபேன நிப்பாட்டு."

இது பழைய ஃபேன்.
பதினொன்று தாண்டியும்
சுற்றிக்கொண்டே இருந்தது.