பதினெட்டாம் வசனம்

வேப்பேரி புத்தகக் கடையில்
விளக்கவுரைகள் மட்டும் இரண்டு அலமாரி.
எடை பார்த்து வாங்குவதென்றால்
சிவப்பு அட்டைக்காரர்தான் ஜெயிப்பார்.
ஒன்பது தொகுதி, தங்க எழுத்து,
ஒவ்வொன்றும் ஒரு குக்கர் கனம்.

என்னிடம் ஆயிரத்து இருநூறு ரூபாய்.
வியாழக்கிழமைக் கூட்டத்தில்
டப்பா சுற்றிச் சேர்த்தது,
நூறு ரூபாய் அதில் சில்லறையாகவே இருக்கிறது.
"டீச்சரம்மா, நல்லதாப் பாத்து வாங்கிட்டு வாங்க."
நான் டீச்சர் இல்லை.
கீழ்ப்பாக்கத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள்,
நரம்பு தட்டுப்படாத கைகளைத்
தட்டித் தட்டித் தேடுகிறவள்.

கடைக்காரர் தவசிமுத்து கேட்கிறார்:
"பிரசங்கத்துக்கா, பரீட்சைக்கா, தியானத்துக்கா?"
சுகிர்தாவுக்கு
என்று எப்படிச் சொல்ல?

அயனாவரத்தில் மூன்றாவது மாடி.
இரவு எட்டரைக்கும் சூடு இறங்காத கூரை.
போன வாரம் வாசித்த பகுதியில்
தப்பு செய்தவன் ராஜா,
ஏழாம் நாள் செத்துப்போனது குழந்தை.
முக்காட்டைச் சரிசெய்துகொண்டே
சுகிர்தா கேட்டாள்:
"அது என்னக்கா பண்ணிச்சு?"
அவளுடையது
எழும்பூர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தது.
யாரோ சட்டென்று ஒரு பாட்டை எடுத்தார்கள்.
நாங்கள் எல்லோரும்
கை தட்டிப் பாடினோம்.

அதனால்தான் எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும்
முன்னுரையைப் பார்ப்பதில்லை,
நேராக அந்தப் பக்கம்.

சிவப்பு அட்டைக்காரர்
பதினேழிலிருந்து இருபதுக்குப் போய்விட்டார்,
நின்றால் தாமதமாகும் என்று
பெரம்பூரைத் தாண்டி ஓடும் எக்ஸ்பிரஸ் மாதிரி.

அடுத்தவர் மூலமொழி பண்டிதர்.
பிள்ளை என்ற ஒரு சொல்லுக்கு
நாலு இடத்தில் தோண்டியிருக்கிறார்,
மெட்ரோ வேலைபோல.
எதையும் மூடவில்லை.

இன்னொருவர் ராஜாவின் கண்ணீருக்குப்
பதினோரு பக்கம் கொடுத்திருக்கிறார்.
பெற்றவளுக்கு அரை வரி,
அதுவும் அடைப்புக்குறிக்குள்.

ஒரு மெலிந்த புத்தகம் ஆறுதல் சொல்கிறது.
எல்லாம் நன்மைக்கே என்கிறது,
சாவு வீட்டு வாசலில்
செருப்பைக் கழற்றாமல் பேசுகிறவர் குரலில்.

தவசிமுத்து ஃபேனைக் கூட்டிவைத்தார்.
கடைசித் தட்டில், குனிந்து எடுக்க வேண்டிய இடத்தில்,
முதுகுக்கு டேப் ஒட்டிய ஒன்று.
எழுதியவர் ஏதோ ஒரு சேகரத்தின் போதகர்,
பக்கத்துக்கு இரண்டு அச்சுப்பிழை.
பதினெட்டாம் வசனத்துக்கு மூன்றே வரி:
இந்த இடத்தில் பல வருஷம் நின்றிருக்கிறேன்.
எனக்கு விளங்கவில்லை.
விளங்கியதுபோல் எழுதலாம், ஆனால் என் மனைவி இதை வாசிப்பாள்.

எங்கள் லேபில் ஒரு வாசகம் உண்டு:
மாதிரி போதவில்லை, மறுபடி எடுக்கவும்.
அதை எழுத வெட்கப்பட்டு
ஏதோ ஓர் எண்ணைப் போட்டவனை
ஆடி மாதம்தான் வேலையைவிட்டு அனுப்பினோம்.

நூற்றி எண்பது ரூபாய்.
மீதிக்குப் பண்டிதரையும் வாங்கிக்கொண்டேன்,
தொள்ளாயிரத்து ஐம்பது.
தோண்டிய பள்ளத்தில்
என்றைக்காவது தண்ணீர் ஊறலாம்.
ஷேர் ஆட்டோவில் இருவரும் என் மடியில்
ஓட்டேரி வரை இடித்துக்கொண்டே வந்தார்கள்.

வியாழக்கிழமை
அந்த மூன்று வரியை வாசித்தேன்.
யாரும் பாட்டு எடுக்கவில்லை.
சுகிர்தா புத்தகத்தை வாங்கி
விரல் வைத்து
இன்னொரு முறை தானே படித்தாள்.
"இவருக்கும் தெரியலையா."
அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்,
படம் எதுவும் இல்லை.
"அந்த வீட்டம்மா
படிச்சிருப்பாங்களாக்கா?"

அதற்கு
எந்தப் பக்கத்திலும் குறிப்பு இல்லை.