மாற்றல் கடிதம்

என் இடப்புருவத்தில் ஐந்து தையல்.
போன ஆகஸ்டில், ஒரு கார்னர் உதையின்போது
அவள் முழங்கை போட்டது.
இன்று அதே முழங்கை
எங்கள் பச்சைச் சட்டைக்குள்.

திரோஷா படையாச்சி. தற்காப்பு, இடப்பக்கம்.
மரிட்ஸ்பர்க்கிலிருந்து கடிதம் வர ஏழு வாரம்.
அதுவரை கோட்டுக்கு வெளியே நின்று
பந்து பொறுக்கிப் போட்டாள்.
குரங்குகள் எங்கள் பைகளைத் திறந்தபோது
செருப்பைக் கழற்றி விரட்டியவளும் அவள்தான்.

"மன்னித்துவிட்டாயா?" என்றாள் நொம்ஃபுண்டோ.
நான் கோல்கீப்பர்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்.
மன்னிப்புக்கு முகம் வேண்டும்.
இவள் முதுகு
லாரி இடித்தாலும் நகராது,
அது போதும்.

சனிக்கிழமை அவளுடைய பழைய கல்லூரியே எதிரணி.
டர்பன் கடற்காற்றில் வலைக்குத் தொப்பை போட்டிருந்தது.
எண்பதாவது நிமிடம், பெனால்டி.
ஓடிவந்து காதில் சொன்னாள்:
"லிண்டிவே வலது மூலையைப் பார்ப்பாள்,
இடது மூலையில் அடிப்பாள்.
மூன்று வருஷம் பார்த்திருக்கிறேன்."

இடப்பக்கம் பாய்ந்தேன்.
பந்து வலது மூலையில் போய் உட்கார்ந்தது.

இவள் என்ன ஓதுவாள் என்று
லிண்டிவேயும் மூன்று வருஷம் பார்த்திருக்கிறாள்.

வலையிலிருந்து பந்தை எடுத்தபடி
"கெட்டிக்காரக் கழுதை" என்றாள் திரோஷா.
குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.
பிறகு என் புருவத்தைப் பார்த்தாள்.
"அன்றைக்கும் இப்படித்தான்,
நீ முந்திப் பாய்ந்துவிட்டாய்."

இன்னும் பத்து நிமிடம் இருந்தது.
அவள் கையிலிருந்து பந்தைப் பிடுங்கி
நடுக்கோட்டுக்கு உதைத்தேன்.