தொப்பூர் ஏற்றம்

ஏழு மணி நேரம் குப்புறப் படுக்க வைத்திருந்தார்களாம்.
முதுகில் ஆறு திருகாணி.
விழித்ததும் கேட்டேன்:
"கரண்ட் எப்ப வரும்?"
பதில் சொல்லாமல் ஓடிய நர்ஸின் செருப்புச் சத்தம்
இன்னும் நிற்கவில்லை.

கண் நரம்புக்கு ரத்தம் போகவில்லையாம்.
அபூர்வமாம். படிவத்திலேயே இருந்ததாம்,
பதினோராவது வரியில்.
கீழே கையெழுத்து மாதம்மாளுடையது.
அதை அவளிடம் சொல்லாதீர்கள் என்றேன்.
கட்டிலின் அந்தப் பக்கம்
வளையல் அசைந்தது.

சேலத்திலிருந்து மச்சினன் கார்.
சத்தம் கனத்ததும் ஏற்றம் என்று தெரிந்து
இடது கை தானாகக் கியரைத் தேடி
அவள் முழங்காலில் முட்டியது.

இருபத்திரண்டு வருஷம்
கிரானைட் பாளம் ஏற்றி இறங்கிய சாலை.
எந்தத் திருப்பம், எந்த ஒட்டுப்போட்ட தார்,
எல்லாம் இடுப்பு சொல்லும்.
பல்லைக் கடித்தால் பாலம்,
மூச்சுப் பிடித்தால் வளைவு.

"இரட்டைப் பாலம் வருது, லேன் மாத்தாதே."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அது தாண்டியாச்சு மாமா."

ஆபரேஷன் நல்லபடி முடிந்திருக்கிறது.
ஒரு பள்ளம்கூட வலிக்கவில்லை.
பாளையம் டோல்கேட்டில் யாரோ
வெள்ளரிப் பிஞ்சு விற்கும் குரல் வரும்வரை
எந்த ஊரில் இருக்கிறேன் என்றே
எனக்குத் தெரியவில்லை.