இது பில் அல்ல

உறையைக் கிழித்ததும் முதல் வரி
கொட்டை எழுத்தில்:
இது பில் அல்ல.
சரி, என்றேன் சத்தமாக.
யாரோடு பேசுகிறாய் என்றான் வென்டெல், அடுப்படியிலிருந்து.
அரசாங்கத்தோடு.

பிப்ரவரி ஒன்பது. டுலூத் நகரம்.
குப்பைத்தொட்டியைத் தெருமுனைக்கு இழுத்துப் போகையில்
கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி காலை வாரிவிட்டது.
இடுப்பெலும்பில் மயிரளவு கீறல்.
மூன்று இரவு ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே ஏரி வெள்ளையாய் உறைந்திருந்தது.
மணிக்கட்டில் பட்டை:
ஆர்டிஸ் ஹௌகன், வயது எழுபத்து நாலு.
ஜெல்லி ஒருநாள் பச்சை, இருநாள் சிவப்பு.

ஆனால் நான் அங்கே அனுமதிக்கப்படவே இல்லையாம்.
கண்காணிப்பில் இருந்தேனாம்.
அப்படியொரு தாளை மறுநாள் நீட்டினார்கள்தான்.
கண்ணாடி கோட்டுப் பையில், கோட்டு அலமாரியில்.
விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்,
பலகையைப் படிக்காமல் ஒரு திருப்பம் திரும்பியதில்லை.

படுத்திருந்தது அதே கட்டில்.
உள்நோயாளி என்றால் ஏ பகுதி.
கண்காணிப்பு என்றால் பி பகுதி,
நூற்றுக்கு இருபது என் தலையில்.
ரத்த அழுத்த மாத்திரை எந்தப் பகுதியிலும் இல்லை.
வீட்டில் அது சுண்டைக்காய் விலை;
அங்கே காகிதக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார்கள்,
கிண்ணத்துக்கும் சேர்த்துப் போட்டிருப்பார்கள்போல.

வென்டெல் கால்குலேட்டரோடு உட்கார்ந்தான்.
பணம் விஷயத்தில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு வடு.
அறுபத்தைந்தில், கல்லுபோல இருக்கிறேன்,
எனக்கெதற்கு என்றவன்,
இரண்டு வருஷம் கழித்துத்தான் பெயர் கொடுத்தான்.
மாதாமாதம் கூடுதலாக நூற்றுக்கு இருபது,
மூச்சு உள்ளவரை.
கல்லாய் இருந்ததற்கு அபராதம்.
பென்ஷன் நம் கைக்கு வருமுன்பே கழித்துக்கொள்கிறார்கள்,
பாலைப் பார்க்கும் முன்னே ஏட்டை வழித்தெடுத்தமாதிரி.

பதினெட்டு நாள் நடை பழகும் இல்லத்தில் இருந்தேன்.
பக்கத்துக் கட்டிலில் கோரின் மாக்கி.
அவளுக்கும் அதே எலும்பு, அதே டாக்டர்,
மூன்று இரவு.
அவள் "உள்ளே" இருந்தவள்.
அவளுக்கு ஒரு பைசா இல்லை.
எனக்கு வந்த தொகையை இங்கே எழுதமாட்டேன்,
வென்டெல் தன் படகை விற்றான் என்று மட்டும் சொல்கிறேன்.
கோரின் கம்பியைப் பிடித்து என் முன்னால் நடந்தாள்.
அவள் முதுகைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது,
பாவம், அவள் என்ன செய்வாள்.
எனக்குத் தன் புட்டிங்கை வேறு கொடுத்தாள்.

மார்ச் கடைசியில் மேல்முறையீட்டுக்குப் போன் போட்டேன்.
நாற்பது நிமிஷம் புல்லாங்குழல் மாதிரி ஏதோ ஒன்று.
அப்புறம் ஒரு பெண், எந்த ஊரோ, நல்ல குரல்.
மூன்று இரவு நான் எங்கே இருந்தேன், சொல்லுங்கள் என்றேன்.
கோப்பைப் பார்க்கிறேன் அம்மா என்றாள்.
விசைகள் தட்டும் சத்தம்.

அப்போது ஜன்னல் அதிரச் சங்கு ஊதியது.
நீளம், குட்டை, நீளம், குட்டை.
என்ன அது? பயந்துவிட்டாள்.
கப்பல், என்றேன். இந்த வருஷத்து முதல் கப்பல்.
பனி உடைந்துவிட்டது.
என்ன செய்கிறது?
பாலத்தைத் தூக்கச் சொல்லிக் கேட்கிறது.
தூக்கிவிடுவார்களா?
இதோ தூக்குகிறார்கள்.
முகப்பு வந்துவிட்டது. இப்போது நடுப்பகுதி.

கொஞ்ச நேரம் அவள் தட்டவில்லை.
அது முழுசாக உள்ளே வந்துவிட்டதா என்றாள்.
இன்னும் இல்லை என்றேன்.
ரொம்ப நீளம்.