இரண்டாம் கியர்

நெல்பேட்டைச் சந்தில்
பேப்பரை விரித்து அதன்மேல்
மூன்று கம்பிகளைக் கிடத்தியிருந்தார் அபுதாகிர்,
எதிர்க்கடை மீன்களைப் போல
தலை எல்லாம் ஒரே பக்கமாக.

"இது கோயம்புத்தூர் லேத்துல கடைஞ்சது.
இது டெல்லிப் பார்சல்.
இது நம்ம கைவேலை."
மூன்றையும் தவசியைப் பார்த்தே சொன்னார்.
தவசிக்குக் கார் ஓட்டத் தெரியாது.
ஆர்.சி. என் பேரில்.
கியர் போடும் இடது கையும் என்னுடையதுதான்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷத்து எஸ்டீம்.
ஒன்றிலிருந்து இரண்டுக்கு இழுப்பது
அண்டாவில் களி கிண்டுவது மாதிரி.

டெல்லிக்காரனைத் தூக்கிக் காட்டினார்.
"பாதித் தூரந்தான் சார்."
நான்தான் கேட்டேன், எப்படி என்று.
இப்போது என் பக்கம் திரும்பினார்.
"உருண்டைக்கு மேல குறைச்சு, கீழ கூட்டியிருக்கான்மா.
தூரம் குறையும். பாரம் ஏறும்.
ரெண்டையும் சேத்து எவனும் குடுக்க மாட்டான்."

மதியத்துக்குள் மூன்றையும் மாட்டி மாட்டிக் கழற்றினார்.
டெல்லி, சுவர் சுவிட்ச் மாதிரி.
டக். டக்.
நாலாவது டக்கில் மணிக்கட்டு கேட்டது, எதற்கு இது?

தவசியும் அதையே கேட்டான்.
"இவ்வளவு வேகம் எதுக்கு?"
நியாயம்தான்.
சிம்மக்கல்லிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரை
மூன்றாவது கியர் என்பது வெறும் வதந்தி.
சித்திரை மாதமென்றால் இரண்டாவதும்.

வேகத்துக்கு இல்லை என்று
அபுதாகிர் முன்னால் எப்படிச் சொல்வது?

ஆறடி ஒரு அங்குலம் இவன்.
சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளினாலும்
வலது முட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும்
இரண்டாவது வந்து விழும் இடத்தில்.
வாடிப்பட்டி தாலுகா ஆபீசுக்கு நான் போகிற வழியில்
சமயநல்லூரில் இறங்குவான்.
அதற்குள் ஒரு நாற்பது இடி,
என் விரல் கணுவுக்கும் அவன் முட்டிச் சில்லுக்கும்.
ஒன்பது வருஷம்.
"ஸ்ஸ்" என்பான். காலை நகர்த்த மாட்டான்.

என்னைக் கேட்காமல் தம்பிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டானே,
அப்போது பதினோரு நாள் பேச்சில்லை.
பன்னிரண்டாம் நாள்
காளவாசலில் பச்சை விழுந்ததும்
முதலில் வாய் திறந்தது இரண்டாம் கியர்தான்.
"எலும்புடி" என்றான்.
"அதுவாவது இருக்கே உங்களுக்கு" என்றேன்.
பரவை தாண்டும்போது
யார் முதலில் சிரித்தது என்பதில்
இன்றுவரை தகராறு.

"இரண்டாவது எதுவரைக்கும் வரும் பாய்?
ஸ்கேல் வச்சுச் சொல்லுங்க."

பயணி பக்கம் தவசியை உட்காரவைத்து
இரும்பு ஸ்கேலால் அளந்தார்.
டெல்லி, முட்டிக்கு மூன்றரை அங்குலம் முன்னாலேயே நின்றுவிடும்.
கோயம்புத்தூர், இரண்டே கால்.
இவர் கைவேலையில்
கணு படாது; பேன்ட் துணி படும்.

"அதையே மாட்டுங்க."

"இதுக்கு ஷார்ட் கம்பின்னு பேரே கிடையாதும்மா.
டெஸ்ட்டுக்குச் செஞ்சு போட்டது."
விலை சொல்லக்கூடக் கூச்சப்பட்டார்.
பிறகு குனிந்து, அடியிலிருந்து
கருவாடாய்க் காய்ந்த ஒரு புஷ்ஷை எடுத்துக் காட்டினார்.
"பாதி ஆட்டம் இதுலதான் இருந்துச்சு.
கம்பி மேல பழி."
தவசி அதை வாங்கி
எதற்கோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

எல்லீஸ் நகர்ப் பாலத்தில் ஏறும்போது
இரண்டு போட்டேன்.
கை பாதியிலேயே நின்றது.
படாத கைக்கு
அவன் முட்டி விருட்டென்று ஒதுங்கியது.
நான் ரோட்டைப் பார்த்தேன்.
அவன் ரயிலைப் பார்த்தான்.

இறக்கத்தில் மூன்று.
ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே விழ
மறுபடி இரண்டு.
இந்தத் தடவை முட்டி நகரவில்லை.
துணி உரசிய சத்தம்
ஏசி சத்தத்தில் கேட்டும் கேட்காமலும்.

உள்ளங்கை கொஞ்சம் காந்தியது.
பாரம் ஏறும் என்றாரே,
அது.